மூன்றாவது குமிழ்

மழை ஓய்ந்து பனி இறங்குவதற்கு முன்னால் சில நாட்கள் வருகின்றன. காற்று தன் வேலையை முடித்துவிட்டு ஓரமாக அமர்ந்துகொண்டதுபோல் அசைவற்றிருக்கும். மரங்கள் கடைசித் துளியையும் உதிர்த்துவிட்டு, இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் நிற்கும். தெருக்கோடியில் யாரோ வாளியைக் கீழே வைக்கிற ஓசை பக்கத்து அறையில் நிகழ்ந்ததுபோல் துலக்கமாகக் காதில் விழும். பழம்பாடல் புனைந்தவர்கள் இப்பருவத்தைப் பிரிவுத் துயருக்கு உரியதாக வைத்தார்கள். குளிரே அதற்குக் காரணம் என்று உரை சொல்வோர் உண்டு. என் எண்ணம் வேறு. இந்த நாட்களில் எல்லாமே மிக நன்றாகக் கேட்கிறது. வராதவர்களின் காலடி வராமலிருப்பதுகூடக் கேட்கிறது.

தேநீரைக் குடியுங்கள், ஆறினால் கசக்கும். என் தங்கை அடுத்த அறையில்தான் இருக்கிறாள். நாம் மெல்லப் பேச வேண்டியதில்லை. அதற்கு நான் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்து, என் தங்கையின் செவி போனதற்குத் தம் கவனக்குறைவே காரணம் என்று சொல்லியிருக்கிறார். வழிபாட்டுக் கூடத்து ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்த்தபோது ஏதோ இணைப்பைத் தவறாக விட்டுவிட்டாராம். அதை உறுதி செய்துகொள்ளத்தான் நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். அவர் சொன்னது பொய். பாடத்தைத் தவறாகச் சொல்பவர்களைத் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவன் நான். இதையும் திருத்திவிட வேண்டும்.

எங்கள் தாய் தந்தையர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது. அவள் இடுப்பில் வைத்துக்கொள்ளும் குழந்தை. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் சிட்டு என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. ஒரு காய்ச்சலில் அவளுடைய இடக்காது போயிற்று. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு காது மருத்துவரிடம் ஓடினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

“அந்தப் பக்கம் இனிமே வராது தம்பி. மிச்சமிருக்கிற காதக் கண்ணு மாதிரி பாத்துக்குங்க. வெடி, பெரிய ஸ்பீக்கரு, இதெல்லாம் கிட்டவே வேணாம். திடீர்னு ஒரு பெரிய சத்தம் போதும், அதுவும் போயிரும்.”

அன்று அவள் தலைமேல் கைவைத்து ஒரு வாழ்த்துச் சொன்னேன். நீ நன்றாயிரு, உன்னை விட்டு யாரும் பிரியாதிருக்கட்டும், தீய ஓசை எதுவும் உன் செவியை எட்டாதிருக்கட்டும். அதன்பின் ஒவ்வொரு மாலையும் வழிபாடு முடிந்ததும் அதையே சொல்லி வந்தேன். ஒரு மாலைகூடத் தவறியதில்லை.

அவளோடு எங்கே போனாலும் அவளுடைய இடப்பக்கம் நடப்பேன். அந்தப் பக்கமிருந்து யார் பேசினாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். “என்ன சொல்றாங்கண்ணா?” என்பாள். நான் சொல்வேன். சில வேளைகளில் முழுவதையும் சொல்வதில்லை. உரை எழுதுகிறவன் சிலவற்றை விட்டுவிடுவது மரபு. கேட்பவருக்கு எது பயன்படும் என்பதை அவன் அறிவான். பள்ளியில் ஒரு தோழி, “உங்க அண்ணன் ஏன் எப்பவும் ஒட்டிக்கிட்டே வர்றாரு?” என்று அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “நாளைக்குப் பரீட்சையாம்” என்று சொன்னேன். அதில் யாருக்கும் தீங்கில்லை.

நான் வழிபாட்டுக் கூடத்தில் துதிப்பாடல் பாடுபவன். பழையவற்றைப் பாடுவேன், கற்பிப்பேன். நானும் சில புனைந்திருக்கிறேன். அவற்றுள் மக்கள் மிகவும் விரும்பிக் கேட்பது இப்படித் தொடங்கும்:

ஓசை அடங்கிய பின்னும் உறைகின்ற ஓசையே
பேசாது இருப்பினும் பேசுகின்ற பெருமானே

சிட்டு வளர்ந்ததும் கிதார் கற்றுக்கொண்டு எனக்குத் துணையாக வாசித்தாள். கூடத்தில் ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. நான் அதைப் பெருக்கி என்று சொல்வேன். அது தூய பெருக்கி. சில பெருக்கிகள் ஒலியைக் கூட்டக்கூட உள்ளுக்குள்ளேயே கரகரக்கத் தொடங்கும். இது அப்படியன்று. கம்பி என்ன சொன்னதோ அதையே, ஒரு துகள் கூட்டாமல் குறைக்காமல், பெரிதாக்கித் தரும். எவ்வளவு உயர்த்தினாலும் நிறம் மாறாது. அடியவன் நெஞ்சு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தும்போது அதைக் காட்டியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

பிறகு அவள் அந்தப் பெடலை வாங்கி வந்தாள்.

உள்ளங்கை அகலத்தில் இரும்புப் பெட்டி. காலால் ஒருமுறை மிதித்தால் விழிக்கும், மறுமுறை மிதித்தால் உறங்கும். கிதாருக்கும் பெருக்கிக்கும் நடுவே அதை இணைக்க வேண்டும். கம்பியிலிருந்து வரும் ஓசையை அது பன்மடங்கு ஊதிப் பெருக்கி, தலையையும் காலையும் நறுக்கி, கரடுமுரடாக்கி அனுப்பும். மேலே மூன்று குமிழ்கள். முதலாவது எவ்வளவு சிதைப்பது என்பதற்கு. இரண்டாவது ஓசையின் கூர்மைக்கு. மூன்றாவது எவ்வளவு உரக்க வெளியே விடுவது என்பதற்கு.

முதன்முதலில் அதைத் தூய பெருக்கியில் இணைத்து மிதித்தபோது எழுந்த ஒலியைக் கேட்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவள் முகம் சுருங்கிவிட்டது.

“தகர டப்பாக்குள்ள தேனீயப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்குல்ல?” என்றாள்.

“எதற்கம்மா இது?” என்றேன்.

“கம்பிய மீட்டுனா உடனே அடங்கிப்போகுதுண்ணா. நீ ஒரு எழுத்தப் புடிச்சா மூச்சு இருக்கிற வரைக்கும் நிறுத்துற. என்னால அங்க உன்கூட நிக்க முடியல. இதுல போட்டா சுரம் நின்னுக்கிட்டே இருக்குமாம். உன் பாட்டுக்குத்தான்.”

இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குரலோடு நிற்பதற்காகத்தான் அவள் அதை வாங்கினாள்.

ரேடியோக் கடைக்காரரைக் கூட்டி வந்தாள். அவரைப் பியூஸ் என்று கூப்பிடுவாள், கோபம் வந்தால் பட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார் என்பதால். நெடிய ஆள். மேலுதட்டை முழுவதும் மூடிய மீசை. அவர் சொற்கள் அந்த மீசைக்குள்ளேயே பாதி தங்கிவிடும். கூடத்துக்குப் பின்னாலிருக்கும் ஒத்திகை அறையில், பெருக்கிக்கு முன் குந்தியிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“இந்த ஆம்பு கண்ணாடி மாதிரி. எது குடுத்தாலும் மறைக்காது. முள்ளு குடுத்தா முள்ளையே பெருசாக்கித் தரும். அதனால பெடல்லயே எல்லாத்தையும் சரி பண்ணிரணும். மொதக் குமிழு கெய்னு, அத நீ நெனக்கிறதுல பாதி வை. ரெண்டாவது டோனு, அத இறக்கு. ஆம்புலயும் கூர்மையக் கொஞ்சம் கொற.”

“இந்த மூணாவது?”

“அதுதான் முக்கியம். மிதிச்சா சத்தம் ஏறக்கூடாது, குணம்தான் மாறணும். மிதிக்காம எவ்ளோ கேக்குதோ, மிதிச்சாலும் அவ்ளோதான் கேக்கணும். இந்தப் பெட்டிக்குள்ள அசுர சத்தம் இருக்கு. இந்த ஆம்பு வேற ஆம்பு மாதிரி திணறாது, குடுக்கிற அத்தனையையும் வெளிய தள்ளும். இந்த லெவல மட்டும் ஏத்திட்ட, செவுடுதான்.”

“ஏற்கெனவே பாதி செவுடு நான். பாதி விலைக்குச் செவுடாக்குவியா?” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குமிழ்களைக் குறைத்து வைத்தார். அவள் தன் நகப்பூச்சை எடுத்து வந்து ஒவ்வொரு குமிழின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். எங்கே புள்ளி நிற்க வேண்டும் என்பதற்குப் பெட்டியின்மேலும் ஒரு புள்ளி. மூன்றாவது குமிழின் புள்ளி இடக்கோடிக்கு அருகில், கீழே நின்றது. ஒவ்வொரு முறையும் புள்ளியும் புள்ளியும் சேர்ந்திருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

எழுந்து போகும்போது அவர் அவளுடைய இடப்பக்கமாக நடந்தார். மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவளுக்குக் கேட்காது என்று அறிந்தே அந்தப் பக்கம் வந்து சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்டது. “உன் காதுக்கு நான் காவல் இருப்பேன்” என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

“இணைப்புக் கம்பியைச் சுருட்டி வைக்கச் சொல்கிறார்” என்றேன்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் ஏற்பட்டது. அத்தகைய பெடலைத் தூய பெருக்கியில் மாட்டினால் ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், மெல்லிய மழைபோல. வழிபாட்டின் அமைதியில் அது கேட்கக்கூடாது என்பது அவள் பிடிவாதம். ஒற்றைக் காதால் ஓசை வரும் திசையை அறிய முடியாது. ஆகவே பெருக்கியின் முன்னே மண்டியிட்டு, வலக்காதை ஒலிபெருக்கித் துணியோடு ஒட்டவைத்து, கம்பிகளை இடக்கையால் பொத்திக்கொண்டு ஒரு விரலை உயர்த்துவாள். நான் பெடலை மிதிக்க வேண்டும். அவள் இரைச்சலைக் கேட்டுவிட்டு விரலை மடக்குவாள். நான் மறுமுறை மிதித்து உறங்கவைப்பேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னால் இப்படி. அவள் கண்களை மூடிக்கொண்டு செவியைக் கொடுக்கும் காட்சி, ஒருவர் இறைவன் திருமுன் தலை சாய்த்திருப்பதுபோலவே இருக்கும். இந்த வேலையை அவள் பியூஸிடம்கூடக் கொடுத்ததில்லை. “அண்ணன் கால்தான் நிதானம்” என்பாள்.

பெருவழிபாட்டு நாளில் என் பாடலைப் பாடினேன். ‘ஓசையே’ என்னும் இடத்தில் நிறுத்தி மேலே எடுப்பது வழக்கம். அவள் என் கண்ணைப் பார்த்துப் பெடலை மிதித்தாள். சத்தம் ஏறவில்லை, பியூஸ் சொன்னபடியே குணம் மட்டும் மாறிற்று. தேனீக்கள் இல்லை. சாந்தமும் காயமும் கலந்த ஒரு குரல். மனிதக் குரல் என்றும் சொல்ல முடியாது. என்னோடு அது சேர்ந்து ஏறியது, சேர்ந்து நின்றது. என் மூச்சு முடிந்தது. அது முடியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கூடத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். நான் புனைந்த பாடலுக்கு அவர்கள் அதற்குமுன் அழுததில்லை, தலையசைத்திருக்கிறார்கள். அவர்கள் முகங்கள் என்னைக் கடந்து, எனக்கு வலப்பக்கத்தில் நின்றவளை நோக்கித் திரும்பியிருந்தன. பாடலின் பொருளை நானே அன்றுதான் விளங்கிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். இதை நான் மறைக்கவில்லை. என் உள்ளத்தில் பொறாமை இருந்ததா என்று கேட்பீர்கள். ஆராய்ந்து பார்த்தேன். இல்லை. தூய்மை கெடுகிறதே என்ற கவலைதான் இருந்தது.

வழிபாடு முடிந்ததும் குட்டை முடியோடு ஒரு பெண் வந்தாள். வேற்றூரில் இசைக்குழு வைத்து டிரம்ஸ் வாசிப்பவள். இடப்பக்கமாக வந்து, “எங்ககூட வந்துருங்க, உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டிருக்கோம்” என்றாள். சிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“நன்றாக இருந்ததாம்” என்றேன்.

“ரொம்ப தேங்க்ஸ்” என்று சிட்டு சிரித்தாள்.

அந்தப் பெண் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் போய், அதே சொற்களை மறுபடியும் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சிட்டு எதுவும் கேட்கவில்லை. சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“நான் போறேண்ணா.”

“எப்போது?”

“மழை விட்டதும் கூப்பிட்டிருக்காங்க. ஆம்பு கூடத்துக்கே இருக்கட்டும், அங்க அவங்ககிட்ட இருக்கு. பெடல மட்டும் எடுத்துக்கிறேன்.” பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, “உன் பாட்ட அங்கயும் வாசிப்பேன். உன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்” என்றாள்.

“உன் இடப்பக்கம் யார் நிற்பார்கள்?”

அவள் ஈரக்கையோடு திரும்பி என் கன்னத்தைத் தட்டினாள். “நான் திரும்பி நின்னுக்கிறேண்ணா. கழுத்து இருக்குல்ல.”

அவ்வளவு எளிதாகச் சொன்னாள். இத்தனை ஆண்டுகளாக அவள் ஏன் திரும்பி நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்காகத்தான் நின்றிருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை என்பதை மட்டும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

இனிச் செய்ததைச் சொல்கிறேன். கடினமான செயல் எதுவுமில்லை.

அந்தக் குமிழ்கள் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணியால் தண்டோடு பிணைக்கப்பட்டவை. திருகாணியைத் தளர்த்தினால் குமிழ் கையோடு வந்துவிடும். என் மூக்குக்கண்ணாடியை முடுக்கும் சின்னத் திருப்புளி அதற்குப் போதுமாயிருந்தது. அவள் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில் நான் முன்னதாகவே ஒத்திகை அறைக்குப் போனேன். மூன்றாவது குமிழை வலக்கோடிவரை, இனித் திரும்பாது என்னும்வரை திருப்பினேன். பிறகு குமிழைக் கழற்றி, சிவப்புப் புள்ளி கீழே பழைய இடத்தில் நிற்கும்படி மாட்டி, திருகாணியை இறுக்கினேன். பார்க்க எல்லாம் அப்படியே இருந்தது. பெருக்கியைக் கூடம் முழுவதற்கும் வைக்கும் அளவுக்கு உயர்த்தினேன்.  துதிப்பாடல் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தேன். வேலை செய்யும்போது பாடுவது என் வழக்கம்.

அவள் வந்தாள். கையில் வறுத்த கடலைப் பொட்டலம். எனக்குப் பாதியைக் கொடுத்தாள். “கடைசியா ஒருதடவ உன் பாட்ட வாசிச்சுட்டுப் போறேன்” என்றாள். ஆம்ப்ளிஃபயர் உயர்ந்திருப்பதைப் பார்த்து, “என்னண்ணா, இவ்ளோ வச்சிருக்க?” என்று கேட்டாள். “கூடத்தின் அளவில் கேட்க ஆசை” என்றேன். புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்றும் சேர்ந்திருந்தன. சுவருக்கும் அதை நோக்கி நின்ற பெருக்கிக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில் மண்டியிட்டாள். இடக்கையால் கம்பிகளைப் பொத்தினாள். வலக்காதைத் துணியோடு வைத்து, கண்களை மூடி, ஒரு விரலை உயர்த்தினாள்.

நான் மிதித்தேன்.

அந்த ஒலியை விவரிக்க மாட்டேன். அவள் கை கம்பிகளை விட்டு நழுவியது. கிதார் பெருக்கிக்கு மிக அருகில் இருந்ததால், பெருக்கியிலிருந்து வந்ததையே கம்பிகள் மீண்டும் வாங்கி மீண்டும் கொடுத்தன. ஓசை ஓசையைத் தின்று வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவளுக்கு எழ இடமில்லை. சுவரில் மோதி, கைகளால் துழாவிப் பெருக்கியின் பின்னாலிருந்த சுவிட்சைத் தேடினாள். அதற்காக அவள் ஒலிபெருக்கியின் முகத்தை ஒட்டியே ஊர்ந்து போக வேண்டியிருந்தது.

பிறகு எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அவள்தான் முதலில் தேற்றினாள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அறியாமல், வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: “உன் கால நொந்துக்காதண்ணா. நான்தான விரலக் காட்டுனேன். குமிழு எப்படியோ நகந்திருக்கு.” என் பாதத்தை எட்டித் தடவினாள். நான் அழுதேன். அது நடிப்பன்று.

மறுவாரம் பியூஸ் வந்தார். பெடலைத் தம் கடைக்கு எடுத்துப் போயிருந்தார். இந்த மேசைமேல், இதோ உங்கள் கோப்பை இருக்கிற இடத்தில், அந்த மூன்றாவது குமிழைத் தனியாக வைத்தார்.

“புள்ளி கீழதான் நிக்குது ஐயா. ஆனா தண்டு அதுக்கு மேல சுத்தாது, முழுசா தெறந்திருக்கு. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க.”

நான் குமிழை எடுத்துப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தேன்.

“திருகாணிய தண்டோட தட்டையான பக்கத்துல இறுக்காம எதிர்ப்பக்கமா இறுக்கியிருக்காங்க. இந்த வேல தெரிஞ்சவன் அப்படிப் பண்ணமாட்டான்.” தம் கைகளைப் பார்த்தார். “அவளுக்கு இனி இந்த உலகத்துல நீங்கதான். அத நான் ஒடச்சா அவகிட்ட என்ன மிஞ்சும்? நான் சொல்லமாட்டேன்.”

நன்றி சொன்னேன். அவர் குமிழை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கூடத்து நிர்வாகிகள் காரணம் தேடினார்கள். அது நடப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் பெருக்கியைப் பழுதுபார்த்தவர் அவர். கேட்டதும், ஆம், என் தவறுதான் என்று சொல்லிவிட்டார். கடையைப் பூட்டினார். அதோடு நின்றிருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பேனா என்பது ஐயம்தான்.

ஆனால் உங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் இங்கே வந்தார். மீசையை மழித்திருந்தார். அவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என் உதடுகளை மட்டுமே படிக்க வரும். மற்றவர்கள் சொல்வதை நான்தான் சொல்லி வந்தேன், இரு பக்கத்துக்கும். அவர் அவளுக்கு நேர் எதிரே அமர்ந்து, வெறும் மேலுதட்டோடு, மிக மெதுவாகச் சொன்னார்: “என் தப்பு. என்ன மன்னிச்சுரு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீ ஏன் பொய் சொல்ற பியூஸு?” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “தப்பாவே இருந்தாலும் பரவால்ல. மறுபடியும் சொல்லு. எனக்குப் புரியுது. நீ பேசுறது எனக்குப் புரியுது” என்றாள். இருவரும் அழுதார்கள். அப்போது நான் அவளுடைய இடப்பக்கம் நின்றிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன். நான் புனைந்ததை வேறொருவர் தம் பெயர் முத்திரை வைத்துப் பாடுவதை நான் ஒருபோதும் பொறுத்ததில்லை. அவளுக்கு நேர்ந்ததற்கு உரியவன் நான். மன்னிப்பும் எனக்கு உரியதே. அதை அவர் எடுத்துக்கொண்டு போவது முறையன்று.

நான் அவளை அச்சுறுத்த மட்டுமே எண்ணினேன் என்று உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியின்மேல் அவளுக்கு ஒரு வெறுப்பு வரவேண்டும், போகாமல் இருந்துவிட வேண்டும், அவ்வளவே. பல நாட்களாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவருகிறேன். ஆயினும் பாடம் பிழையில்லாமல் இருக்க வேண்டுமானால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தப் பெடலை மறுமுறை மிதித்தால் அடங்கிவிடும். என் பாதம் அதற்கு மேலேயே இருந்தது. அவள் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தாள். மருத்துவர் அன்று விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் என் பாடலின் முதல் இரண்டு அடிகளை மனத்துக்குள் சொன்னேன். ‘ஓசையே’ என்னும் இடத்தில் மேலே எடுத்து, மூச்சு முடியும்வரை நிறுத்தினேன். இம்முறை அதன் ஒலியோடு நானும் கடைசிவரை நின்றேன். பிறகுதான் மிதித்தேன்.

அறை எவ்வளவு அமைதியாயிற்று என்று உங்களுக்குச் சொல்ல இயலாது.

பொழுது சாய்கிறது. மாலை வழிபாட்டு நேரம். அதை முடித்துக்கொண்டு உங்களோடு வருகிறேன். நீங்கள் அமர்ந்திருந்தால் தடையில்லை. கூடத்தார் அந்தப் பெருக்கியை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள், அவர்களுக்கு அதைப் பார்க்க முடியவில்லையாம். அடுத்த அறையில் இருக்கிறது. நான் ஒலிவாங்கியை அதில் இணைத்து, அதன்முன் அமர்ந்து மெல்லிய குரலில் பாடுவேன். அவள் உள்ளங்கையை அந்தத் துணியின்மேல் வைத்துக்கொள்வாள். என் பாடல் அவள் கையில் அதிரும். அது தூய பெருக்கி, எதையும் கூட்டாது, குறைக்காது. அவள் கண்களை மூடியிருப்பாள். நான் அவளுடைய இடப்பக்கம் அமர்வேன். எந்தப் பக்கம் அமர்ந்தாலும் இனி ஒன்றுதான், இருந்தாலும் அதுவே என் இடம்.

பாடி முடித்ததும் துணியில் படிந்த தூசியை என் மேல்துண்டால் துடைப்பேன். பிறகு அவள் தலைமேல் கைவைத்து, அவள் சின்னவளாக இருந்தபோது சொன்னதையே சொல்வேன். இப்போது அவள் நிமிர்ந்து என் உதடுகளைப் பார்த்து அதை வாங்கிக்கொள்கிறாள்.

நீ நன்றாயிரு, சிட்டு. உன்னை விட்டு யாரும் பிரியாதிருக்கட்டும். தீய ஓசை எதுவும் உன் செவியை எட்டாதிருக்கட்டும்.